எதிர்ச்சுவரையும் பார்க்க வேண்டும்: குழுப் புகைப்படக் கண்காட்சிக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் இட்லிக் கடை நடத்தும் அக்காவின் மகன் கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படிக்கிறான். சமகாலப் புகைப்படக் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதி வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவன் துணைக்கு என்னை அழைத்தான். அன்றைக்குக் கடை இல்லை என்பதால் அக்காவும் கிளம்பினார். புறப்படும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சுத்திப் பார்த்துட்டு ஒண்ணும் வாங்காம வந்தா ஏதாச்சும் சொல்லுவாங்களா தம்பி?”

ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சென்னையில் நடக்கும் பெரும்பாலான புகைப்படக் கண்காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அழைப்பிதழ் தேவையில்லை, ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கலை பற்றிப் படித்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனாலும் அக்காவின் கேள்வி நியாயமானது. கேலரிகள் எழும்பூர், நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று அமைந்துவிட்டதால், பேசின் பிரிட்ஜுக்கு இந்தப் பக்கம், வட சென்னையில் இருக்கிற நமக்கு அந்த வாசல்களைத் தாண்டும் பழக்கம் வாய்க்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கலர் லேபில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிண்ட் போட்ட எனக்கே, பிறர் எடுத்த படங்களைச் சுவரில் பார்ப்பதற்கென்று கிளம்பிப் போகும் வழக்கம் நாற்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

குழுக் கண்காட்சி என்பது ஒரே கலைஞரின் படங்களாக இல்லாமல், ஐந்து பேர், பத்துப் பேர், சில நேரம் முப்பது பேரின் படங்களை ஒரு கருப்பொருளின் கீழ் சேர்த்து வைப்பது. தனியாள் கண்காட்சிக்குப் போவது ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதைப் போன்றது. குழுக் கண்காட்சிக்குப் போவது கல்யாண வீட்டுக்குப் போவதைப் போன்றது. எல்லாரிடமும் பேச முடியாது, பேசவும் வேண்டியதில்லை; ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அங்கே நடப்பதில் பாதி விளங்காது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த உறவுமுறையைக் கண்டுபிடிப்பது பற்றியதுதான்.

போகும் முன்

அறிவிப்பில் நான்கு விவரங்களைப் பாருங்கள்: தொடங்கும் நாள், முடியும் நாள், பார்வை நேரம், வார விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். பல தனியார் கேலரிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்குப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீமோடு திரும்பிய குடும்பங்களை நான் அறிவேன். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

தொடக்க விழா மாலையில் போனால் கலைஞர்களைப் பார்க்கலாம், படங்களைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் வேலை நாளில் காலை 11 மணி வாக்கில் போவது நல்லது. கூடம் காலியாக இருக்கும், காவலுக்கு இருப்பவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். கடைசி வாரத்துக்கென்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு நல்ல கண்காட்சியை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.

சென்னைக்கென்று ஒரு பருவமும் உண்டு. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழாவின் முதல் நான்கு பதிப்புகளும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் நடந்தன; நான்காவது பதிப்பு 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நீண்டது. 2019இல் சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் அதன் முக்கிய இடங்களுள் ஒன்றாக இருந்தது. மழை ஓய்ந்து வெயில் ஏறாத அந்த மாதங்களில் மற்ற கேலரிகளும் புகைப்படக் காட்சிகளை வைப்பது வழக்கம்.

வழி இப்போது எளிது. 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரிப் பக்கத்துக்காரர்களுக்கு நேர் வழி கிடைத்துவிட்டது. கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமிக்கு ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கி நடக்கலாம். அருங்காட்சியகத்துக்கோ பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிக்கோ போவதானால் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாறி அடுத்த நிலையமான எழும்பூரில் இறங்கலாம். வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்துவிட்டால் மீதி தூரம் பெரிய தூரமல்ல.

கையில் எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். வாசிக்கும் கண்ணாடி அவசியம், ஏனென்றால் விவரங்கள் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். மை சிந்தும் என்பதால் சில இடங்களில் பேனாவை விரும்ப மாட்டார்கள். முதுகில் மாட்டும் பையை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு முறை நான் திரும்பிய வேகத்தில் என் பை ஒரு ஃபிரேமின் மூலையில் பட்டு, அது ஊஞ்சல் போல ஆடியது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் அதன் பிறகு ஒரு படமும் கண்ணில் ஏறவில்லை.

உள்ளே நுழைந்ததும்

வாசலில் ஒரு பதிவேடு இருந்தால் பெயர் எழுதுவது உங்கள் விருப்பம். பலர் கைபேசி எண்ணை எழுதாமல் விடுவார்கள், அதில் தவறில்லை. அடுத்து, பெரிய எழுத்தில் ஒரு சுவர்க் குறிப்பு இருக்கும். கண்காட்சியின் தலைப்பு, அதை அமைத்த கியூரேட்டரின் பெயர், இத்தனை பேரின் படங்களை ஏன் ஒன்று சேர்த்தார் என்ற விளக்கம் ஆகியவை அதில் இருக்கும். எந்தக் கலைஞர்களின் எந்தப் படங்கள், எந்தச் சுவரில், எந்த உயரத்தில், எந்த வரிசையில் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் கியூரேட்டர்தான். அந்தக் குறிப்பு பெரும்பாலும் கடினமான நடையில்தான் இருக்கும். தமிழில் இருந்தாலும் மொழிபெயர்ப்பாக இருப்பதால் மேலும் கடினமாக இருக்கும். அதை முழுவதும் புரிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று நின்றுவிடாதீர்கள். தலைப்பையும் முதல் பத்தியையும் படித்துவிட்டு நகருங்கள். திரும்பும்போது படித்தால் அதே குறிப்பு பாதி எளிதாகிவிடும்.

முதல் சுற்றில் எதையும் வாசிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பதினைந்து நிமிடம் போதும். கோயிலில் பிரகாரம் சுற்றுவதைப் போல, நிற்காமல் ஒரு முறை முழுவதும் சுற்றி வாருங்கள். எந்தப் படம் உங்களை நிறுத்தப் பார்த்தது, எது எரிச்சலூட்டியது, எது விளங்கவே இல்லை என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வாசித்துவிட்டுப் பார்த்தால், எழுதியிருப்பது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலைதான் நடக்கும். தேர்வுத்தாள் திருத்துவதைப் போல ஆகிவிடும். கூடம் மங்கலாகத் தோன்றினால் மின்சாரக் கோளாறு என்று எண்ண வேண்டாம். சாயம் வெளுக்காமல் இருக்க, நிறப் புகைப்படங்களின் மேல் 50 முதல் 100 லக்ஸ் அளவுக்கே ஒளி விழச் செய்வது அருங்காட்சியக வழக்கம். அலுவலக மேசையில் அது 300 லக்ஸுக்கு மேல் இருக்கும். இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும்.

எல்லாப் படங்களையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கடமையுணர்வை அங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். நூறு படங்கள் இருந்தால், இரண்டாம் சுற்றில் ஏழெட்டுப் படங்களை நிறுத்திப் பார்த்தால் அது நல்ல வருகை. மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் கால் வலிக்கும், கண்ணும் ஏமாற்றத் தொடங்கும்.

லேபிளைப் படிப்பது

இரண்டாம் சுற்றில், படத்தின் அருகே ஒட்டியிருக்கும் சிறிய சீட்டைப் படிக்கலாம். கலைஞரின் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, ‘ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட்’, 24 × 36 அங்குலம், 2/5 என்பதுபோல வரிசையாக இருக்கும். தலைப்புக்குப் பதில் ‘பெயரிடப்படாதது’ என்று இருந்தால் கலைஞர் மறந்துவிட்டார் என்று பொருளல்ல. உங்களுக்கு எந்தத் துப்பும் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டிருந்தால், முதலாவது படம் எடுத்த ஆண்டாகவும் அடுத்தது பிரிண்ட் போட்ட ஆண்டாகவும் இருக்கலாம்; ‘2000–2004’ என்பதுபோல் இடையில் கோடு இருந்தால் அந்தத் தொடரை எடுத்து முடிக்க அத்தனை ஆண்டுகள் ஆயின என்று கொள்ள வேண்டும். அளவில் உயரத்தை முதலில் சொல்வது கலைக்கூட மரபு.

‘ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட்’ என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பருத்தி நாரில் செய்த அமிலமில்லாத தாளில், எளிதில் வெளுக்காத நிறமி மையைக் கொண்டு இங்க்ஜெட் எந்திரத்தில் அடித்தது என்பதுதான் பொருள். அடிப்படையில் நம் வீட்டு இங்க்ஜெட்டின் பணக்காரப் பெரியப்பா. ‘சில்வர் ஜெலட்டின்’ என்றால் வெள்ளி உப்புப் பூசிய தாளில் இருட்டறையில் போட்ட கறுப்பு வெள்ளைப் பிரிண்ட். ‘சி பிரிண்ட்’ என்றால் ஒளி பட்டுச் சாயம் உருவாகும் தாள். எங்கள் லேபில் கல்யாண ஆல்பம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் போட்டது அந்த வகைத் தாளில்தான். ஆகவே உங்கள் வீட்டுப் பீரோவிலும் ‘சி பிரிண்ட்’ சேகரிப்பு ஒன்று இருக்கிறது.

2/5 என்பது, அந்தப் படத்தை ஐந்து பிரதிகளுக்கு மேல் அந்த அளவில் போடுவதில்லை என்று கலைஞர் உறுதி கொடுத்திருக்கிறார், இது அவற்றில் இரண்டாவது என்பதைக் குறிக்கும். நெகட்டிவ் இருந்தால் ஆயிரம் போடலாமே என்று லேப்காரனாகிய எனக்கு அது முதலில் வேடிக்கையாகத் தோன்றியது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால்தான் விலை நிற்கும் என்ற சந்தைக் கணக்கு அது. படத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. லேபிளின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அந்தப் பிரதி விற்றுவிட்டது என்று அர்த்தம். விலையைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு படத்தின் முன்னால் நிற்பது

படத்தின் மூலைக்கு மூலை அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் முதலில் நில்லுங்கள். 24 × 36 அங்குலப் படத்துக்கு அது சுமார் ஐந்தரை அடி. அங்கிருந்து முழுப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு அடி வரை நெருங்குங்கள். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் சுமார் 4000 × 3000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது 13 × 10 அங்குலத்துக்குத்தான் கூர்மை குறையாமல் தாங்கும். சுவரளவு பெரிய படத்தின் அருகே போய்ப் பார்த்தும் தலைமுடி தனித்தனியாகத் தெரிந்தால், அதை எடுத்தவர் கனமான கருவியோடும் பொறுமையோடும் நின்றிருக்கிறார். அருகே போனால் குழைந்து போகிறது என்றால், அது குறையாகவும் இருக்கலாம், விரும்பிச் செய்ததாகவும் இருக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் உங்கள் முகமே தெரிந்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.

நடுவில் இருப்பதைக் கடைசியில் பாருங்கள். லேபில் பிரிண்ட் வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது நான்கு மூலைகளைத்தான், எந்திரம் எதையாவது வெட்டிவிட்டதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கம் கண்காட்சியிலும் உதவுகிறது. தரை, ஓரம், பின்னணிச் சுவர், பிறகு நடு.

அக்காவோடு போன அன்று பார்த்த ஒரு நிறப்படத்தைச் சொல்கிறேன். 20 × 30 அங்குலம் இருக்கும். ஒற்றை அறை வீடு; ஆள் யாரும் இல்லை. கேஸ் அடுப்பு, அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள், ஆணியில் பள்ளிப் பை, தினசரி நாட்காட்டி, மூலையில் பழைய ஃபிரிட்ஜ். சுவர்க் குறிப்பு ‘இன்மை’, ‘வெறுமை’ என்று ஏதேதோ பேசியது. அக்காவின் மகன் இடப்பக்கச் சன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பற்றி எனக்கு விளக்கினான், நானும் தலையாட்டினேன். அக்கா இரண்டு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, “இது தண்ணி பூந்த வீடு” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “ஃபிரிட்ஜுக்கு அடியில செங்கல்லு பாருங்க” என்றார்.

ஃபிரிட்ஜின் கால்களுக்குக் கீழே மூன்று வரிசை செங்கல் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. பள்ளிப் பை கைக்கெட்டாத உயரத்து ஆணியில் மாட்டியிருந்தது. சிலிண்டர் மிதந்து போகாமலிருக்கச் சன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டியிருந்தது. நாட்காட்டி டிசம்பரைக் காட்டியது. சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், நீளவாக்கில் ஒரு பழுப்புக் கோடு. நாங்கள் இரண்டு பேரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், அக்கா 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் 2023ஆம் ஆண்டின் மிக்ஜாம் புயலையும் படித்துவிட்டார்.

இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார்: மற்ற படங்களை விட அந்தப் படம் தாழ்வாக மாட்டப்பட்டிருந்தது. படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்கும்படி மாட்டுவதுதான் பொது வழக்கம். நின்று பார்க்கிறவரின் கண்மட்டம் அது. அங்கிருந்த தன்னார்வலப் பெண்ணிடம் கேட்டபோது, படத்தில் இருக்கும் பழுப்புக் கோடு பார்ப்பவரின் முழங்காலுக்குச் சற்று மேலே வரும்படி வேண்டுமென்றே இறக்கி மாட்டியதாகச் சொன்னார். அந்தத் தண்ணீருக்குள்தான் அதுவரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

இவை ஏன் ஒன்றாக இருக்கின்றன

ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும், உடனே பக்கத்துப் படத்துக்குப் போகாமல், திரும்பி எதிர்ச்சுவரைப் பாருங்கள். குழுக் கண்காட்சியில் பேச்சு பெரும்பாலும் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில்தான் நடக்கிறது.

அன்றைக்கு அந்த வீட்டுப் படத்துக்கு நேர் எதிரே வேறொரு கலைஞரின் வேலை இருந்தது. வெள்ளத்தில் நனைந்து பாழான குடும்ப ஆல்பப் படங்களைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக மாட்டியிருந்தார். மணமகளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் தீற்றல், குழந்தையின் தலைக்கு மேல் மஞ்சள் ஆறு. பார்க்கிறவர்கள் அதை ஓவியம் போல ரசித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அது அலங்காரமாகத் தெரியவில்லை. நிறத்தாளில் மேலே நீலப்பச்சைப் படலமும், நடுவில் கருஞ்சிவப்புப் படலமும், அடியில் மஞ்சள் படலமுமாக மூன்று சாயப் படலங்கள் இருக்கும். தண்ணீரில் ஊறிய ஜெலட்டின் மேலிருந்து அரித்துக்கொண்டு போகும்போது முதலில் சிவப்பு வெளிப்படும், அதன் பிறகு மஞ்சள், கடைசியில் வெறும் வெள்ளைத் தாள். ஆகவே மஞ்சளாகத் தெரியும் இடம் சிவப்பாகத் தெரியும் இடத்தை விட அதிகம் அழிந்துபோன இடம். 2015 டிசம்பருக்குப் பிறகு எங்கள் கவுன்டருக்கு இப்படிப்பட்ட ஆல்பங்கள் பிளாஸ்டிக் பைகளில் வந்துகொண்டே இருந்தன. அடுக்கி வைத்துக் காயவிட்டதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் மறுதாளோடு போய்விடும் நிலையில் இருக்கும். நனைந்த பிரிண்டுகளைக் காயும் முன்பே சுத்தமான தண்ணீரில் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து, படப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து உலர்த்த வேண்டும் என்பதை இந்தச் சாக்கில் சொல்லி வைக்கிறேன்.

ஒரு சுவரில் ஆளில்லாத வீடு; எதிர்ச்சுவரில் முகமில்லாத ஆட்கள். இரண்டு கலைஞர்களும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே தேவையில்லை. இடையில் பத்தடி இடத்தை விட்டு, அந்த இடத்தில் நம்மை நிற்க வைத்தது கியூரேட்டரின் வேலை. இப்படிப்பட்ட இணைப்புகளைத் தேடும்போது சில கேள்விகள் உதவும்: ஒரு படம் மட்டும் ஏன் பெரிதாகவும் பன்னிரண்டு படங்கள் ஏன் சிறிதாகவும் இருக்கின்றன? தொடர்ப்படங்கள் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன? எந்தச் சுவரைக் காலியாக விட்டிருக்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். இடப் பற்றாக்குறையால் அப்படி மாட்டியிருப்பதும் உண்டு.

சமகாலப் புகைப்படக்காரர்கள் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதையும் அறிந்திருப்பது நல்லது. நேரில் கண்டதை நீண்டகாலம் தொடர்ந்து ஆவணப்படுத்துகிறவர்கள் ஒரு வகை. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் படமெடுத்துவரும் எம். பழனிக்குமார் அவ்வகை. தன்னையே வேடமிட்டு நிறுத்துகிறவர்கள் இன்னொரு வகை. என். புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய தொடரில், ஆங்கிலேயர் காலத்தில் ‘சுதேசிகளை’ அளவுக் கட்டங்கள் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படங்களைத் தானே நடித்துக் காட்டினார். கௌரி கில் 2015 முதல் மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில், முகமூடி செய்யும் பழங்குடிக் கலைஞர்களோடு சேர்ந்து, அவர்கள் முகமூடி அணிந்தபடி அன்றாட வேலைகளைச் செய்யும் படங்களை எடுத்தார். அங்கே படமெடுக்கப்படுபவரும் படைப்பில் பங்காளி. ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கின்போது வாடிப்பட்டியில் தன் வீட்டையும் குடும்பத்தையும் எடுத்தார். ஆவணப்படத்துக்கு முன்னால் நின்று “இது உண்மையா?” என்று கேட்பது சரியான கேள்வி, வேடமிட்ட படத்துக்கு முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டால் பதில் வராது. எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கலை நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய 1856ஆம் ஆண்டில்தான் மெட்ராஸ் புகைப்படச் சங்கமும் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்பவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் மதுரையிலும் தஞ்சாவூரிலும் அவர் எடுத்த கோயில் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் நிறுவிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி.

நம் ஊர்ப் படங்கள்

வட சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு தனி அனுபவம் காத்திருக்கும்: சுவரில் நம் தெருவே தொங்கும். காசிமேட்டு ஏலம், வியாசர்பாடிக் கால்பந்து, எண்ணூர்ப் புகைபோக்கிகள், கொசஸ்தலை முகத்துவாரத்தில் சாம்பல் படிந்த நீரில் இறால் தடவும் கைகள் ஆகியவை சென்னைப் புகைப்படக்காரர்களுக்கு மிகவும் பிடித்தவை. அங்கே கூச்சமும் வேண்டாம், பெருமிதமும் வேண்டாம். நம் ஊர் என்பதற்காகவே ஒரு படம் நல்ல படம் ஆகிவிடாது. முன்னால் ஒரு மீனவர், பின்னால் மூன்று புகைபோக்கி என்ற சட்டகத்தை நான் எண்ண முடியாத அளவுக்குப் பார்த்துவிட்டேன், அவற்றில் பலவற்றை எடுத்தவர் காரை விட்டு இறங்கினாரா என்பதே சந்தேகம்.

அப்படிப்பட்ட படத்தின் முன்னால் மூன்றைக் கேளுங்கள். படத்தில் இருப்பவருக்குத் தன்னைப் படமெடுப்பது தெரியுமா? அவருடைய பெயர் லேபிளில் இருக்கிறதா, அல்லது ‘மீனவப் பெண், காசிமேடு’ என்று மட்டும் இருக்கிறதா? படத்தில் இருப்பது அங்கே வாழ்கிறவருக்குப் பொருள்படும் விவரமா, வெளியூர்க்காரருக்கு மட்டும் வியப்பூட்டும் விவரமா? கலைஞரோ தன்னார்வலரோ அருகில் இருந்தால் நேராகவே கேட்கலாம். நல்ல கலைஞர்கள் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருப்பவர்கள். பழனிக்குமார் வட சென்னைப் பிள்ளைகளுக்கும் கேமரா கொடுத்துப் பயிற்சி அளித்து வந்திருக்கிறார்; அந்தப் பிள்ளைகள் எடுத்த படங்கள் காட்சிக்கு வந்தால் தவறவிடாதீர்கள். தன் தாய் வேலைக்குக் கிளம்பும் அதிகாலையை எடுக்க, பிள்ளை எங்கிருந்தும் வர வேண்டியதில்லை, விழித்துக்கொண்டால் போதும்.

சில நடைமுறைகள்

தொடக் கூடாது, விரலின் எண்ணெய்ப்பசை மேட் தாளில் அழியாத கறையாகும். கைபேசியில் படமெடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். எடுக்கலாம் என்றாலும் ஃபிளாஷ் கூடாது. எடுத்தால் லேபிளையும் சேர்த்து எடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் யாருடைய படம் என்று தெரியாது. பேசலாம், ஆனால் நூலகத்தில் பேசும் அளவுக்கு. பிள்ளைகளை அழைத்துப் போங்கள், அவர்களை ஐந்து படங்களோடு விட்டுவிடுங்கள். இருட்டாக்கிய தனி அறையில் காணொளி ஓடினால் எத்தனை நிமிடம் என்று வாசலில் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கியூரேட்டரோ கலைஞரோ கூட்டிச் சென்று விளக்கும் சுற்று ஏதாவது ஒரு நாள் இருக்கும். அதற்கு முன்பே ஒரு முறை தனியாகப் பார்த்துவிட்டுப் போனால், அவர் சொல்வதை ஏற்கவோ மறுக்கவோ உங்களிடம் ஏதாவது இருக்கும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார்கள். ஒரு கூடத்தில், பெயர் வேண்டாம், வாசலில் இருந்தவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார். படத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன், வழிவிட்டார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

குறிப்பேடு

வெளியே வரும் முன், வாசல் மேசையில் பார்வையாளர் கருத்துக்கான நோட்டு ஒன்று இருக்கும். ‘அருமை’, ‘சூப்பர்’, ‘வாழ்த்துகள்’ என்று நிரம்பியிருக்கும் அந்த நோட்டைக் கலைஞர்கள் கண்காட்சி முடிந்ததும் உட்கார்ந்து படிக்கிறார்கள். பொதுவாகப் பாராட்டுவதை விட, எந்தப் படம், அதில் என்ன கண்டீர்கள் என்று ஒரு வரி எழுதினால் அவர்களுக்குப் பயன்படும். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அன்றைக்கு அக்காவின் மகன் அரைப் பக்கம் எழுதினான், பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றி. நான் தாளின் தரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அக்கா பென்சிலை வாங்கி, அந்த வீட்டுப் படத்தின் எண்ணைப் போட்டு, அதற்குக் கீழே எழுதினார்: “மூணு செங்கல் பத்தாது. அஞ்சு வைக்கச் சொல்லுங்க.”